எட்டு நிமிஷம் முன்னால் ஓடும் கடிகாரம்

இன்று காலையில் நம் பச்சைக் கடிகாரத்தை என் மகள் சரியாக வைத்துவிட்டாள். மொபைலைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, இது எட்டு நிமிஷம் ஃபாஸ்டா ஓடுது. இத்தனை வருஷமா யாரும் பார்க்கலையா?" என்று கேட்டு முள்ளைத் திருப்பினாள். அவள் காலேஜுக்குக் கிளம்பிப் போனதும் நான் மறுபடியும் எட்டு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம். தப்பு இருந்தால் நீ சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவாய். இப்போது அதற்கும் ஆள் இல்லை.

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த உன் அண்ணன் வீட்டுக்கு நீ மதுரையிலிருந்து பி.ஏ. முடித்துவிட்டு வந்தாய். உனக்கு இருபத்தாறு, எனக்கு இருபத்தொன்பது. வந்த முதல் வருஷம் முழுக்க நீ எனக்குத்தான். என் வீட்டுக்காரர் ஆபீஸிலும் மகள் பள்ளிக்கூடத்திலும் இருக்கும் நேரத்தில் நீ கீழே இறங்கி வருவாய். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடப்போம். முருங்கைக்காய் வாங்க அரை மணி, பேச ஒன்றரை மணி. ரிங் ரோட்டைத் தாண்டும்போது நீ என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாய். உனக்கு டெல்லி பஸ் என்றால் பயம். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது.

மறுவருஷம் உன் அண்ணி ஒரு வரன் கொண்டுவந்தார். நாற்பது வயசு, மனைவி இறந்துபோனவர், இரண்டு பிள்ளைகள். நீ ஒரு வருஷம் தவணை கேட்டாய். பேங்க் பரீட்சை எழுதுவேன், தேறினால் வேலை, தேறாவிட்டால் நீங்கள் சொல்கிற மாப்பிள்ளை என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டு நேராக என்னிடம்தான் வந்தாய். உனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கப்புறம் வயசு தாண்டிவிடும். நான் உன் தலையைத் தடவி, படி, உன்னால் முடியும் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். நீ தனியாகப் படிப்பாய் என்று நினைத்துச் சொன்னேன்.

நீ எங்கிருந்தோ இரண்டு பேரைப் பிடித்து வந்தாய். ஒருத்தி அடுத்த பிளாக் சுனிதா, இந்திக்காரப் பெண். இன்னொருத்தி கல்பனா, நம் ஊர்க்காரப் பெண்தான், ஆனால் டெல்லியில் பிறந்தவள், தமிழ் எழுத்து தெரியாது. அவள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், என்னை ஆன்ட்டி என்றாள். உனக்கும் எனக்கும் மூன்றே வயசு வித்தியாசம். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பனிக்காலம். மதியச் சாப்பாடு ஆனதும் என் வீட்டு வாசல் புல்வெளியில் வெயில் பார்த்து என் ஜமுக்காளத்தை விரிப்பீர்கள். ஒரு செட் என்றால் ஐம்பது கணக்கு, ஐம்பது நிமிஷம். கைக்கடிகாரம் கண்ணில் பட்டால் பதற்றம் வரும் என்று மூன்று பேரும் கழற்றி என் மடியில் போட்டுவிடுவீர்கள். நான் பச்சை அலாரக் கடிகாரத்தை முகம் என் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டரைக்கு ஆரம்பம், மூன்று இருபதுக்கு அலாரம். மணி அடித்ததும் தாளை மாற்றிக்கொண்டு திருத்துவீர்கள். எந்தக் கணக்கில் தப்போ அதைத் தப்பாகப் போட்டவள்தான் மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். அந்தச் சட்டம் நீ போட்டது. அதனாலேயே இருட்டும்வரை பேச்சு ஓடும். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறதாம், இன்னொரு குழாய் காலி செய்கிறதாம். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும் ஊரில் எவள் குழாயைத் திறந்துவிட்டுப் போவாள் என்று நான் கேட்டால் நீங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பீர்கள். நான் சொன்னதற்குத்தான் சிரிப்பு, ஆனால் அந்தச் சிரிப்புக்குள் எனக்கு இடம் இல்லை.

ஒருநாள் நீ பாவம் பார்த்து எனக்கும் ஒரு கணக்கு கொடுத்தாய்.

"அக்கா, ஒரு வேலைய நீங்க ஆறு நாள்ல முடிப்பீங்க. நான் பன்னெண்டு நாள் எடுப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சா எத்தனை நாளாகும்?"

"சேர்ந்து செஞ்சா பேசிக்கிட்டேல்ல இருப்போம். இருபது நாளாகும்டி."

நீ நிலக்கடலைத் தோலெல்லாம் சிதற ஜமுக்காளத்தில் புரண்டு சிரித்தாய். அன்றைக்கு மட்டும் அந்த இரண்டு பேருக்கும் ஏன் சிரிக்கிறாய் என்று சரியாகப் புரியவில்லை. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் மறுநாள் பழையபடிதான். நாலு மணி ஆகும், நான் பையை மடித்து மடித்து வைத்திருப்பேன். "அக்கா, இன்னிக்கு நீங்க போயிட்டு வந்துருங்களேன்" என்பாய், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. நான் ரிங் ரோட்டைத் தனியாகத் தாண்டினேன். திரும்பி வந்து பார்த்தால், சுனிதாவின் ஸ்வெட்டர் உன் தோளில் இருக்கும்.

அந்த வாரம்தான் ஆரம்பித்தேன். நீங்கள் தலையைக் குனிந்து எழுதும்போது கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும் திருகை மெல்லத் திருகி, முள்ளை இரண்டு நிமிஷம் முன்னால் தள்ளினேன். செட் சீக்கிரம் முடிந்தால் நீ சீக்கிரம் எழுந்திருப்பாய் என்ற கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு. கைக்கடிகாரங்களைத் திருப்பித் தருவதற்கு முன்னால் வீட்டுக்குள் போய் பச்சைக் கடிகாரத்தைச் சரியாக வைத்துவிடுவேன். இரண்டு நிமிஷம் நாலாயிற்று, ஆறாயிற்று, எட்டில் வந்து நின்றது. எட்டுக்கு மேல் தைரியம் வரவில்லை. அலாரம் அடித்ததும் கல்பனா அழுகிற மாதிரி, "ஆன்ட்டி, டைம் ரொம்ப ஜல்தி போகுது" என்பாள். நீயோ கணக்கை இன்னும் எப்படிச் சுருக்குவது என்று பார்ப்பாய்.

நீ தோற்றால் யார் கையால் தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதை நினைத்துக்கொண்டேதான் திருகினேன். தாலி கட்டினால் டெல்லியிலேயே இருப்பாய் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். அந்த மாப்பிள்ளைக்கு லோதி ரோட்டில் குவார்ட்டர்ஸ். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பரீட்சை எழுதிவிட்டு ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தாய். உன் வீட்டு மாடிப்படியைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்தாய்.

"அக்கா, ஐம்பது கணக்கும் முடிச்சுட்டு எட்டு நிமிஷம் மிச்சம்க்கா. திருப்பிப் பார்த்தேன், மூணு தப்பு இருந்துச்சு. திருத்திட்டேன்."

நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

நீயும் சுனிதாவும் தேறினீர்கள். கல்பனாவுக்கு மறுவருஷம்தான் கிடைத்தது. சுனிதாவுக்கு டெல்லியிலேயே வேலை, உனக்கு ஜபல்பூர். உன்னை என் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் திருடிய நிமிஷங்களே உன்னை ரயில் ஏற்றின. பிளாட்பாரத்தில் அந்த இரண்டு பேரும், ரயில் இந்த வேகத்தில் போனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று உன்னை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தயிர்சாதப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன். நீ சிரித்துக்கொண்டே வாங்கினாய். சிரிப்பு அவர்களுக்கு, கை எனக்கு.

அப்புறம் பத்து வருஷம். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, அதில் நாலு வரி. சுனிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவாய் என்று அவளே சொல்லித் தெரிந்துகொண்டேன். பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்ற செய்தியும் முதலில் அவளுக்குத்தான் வந்தது. அவள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இதிலும் நான் இரண்டாவதா என்றுதான் தோன்றியது.

அழுது முடித்த பிறகு அவள் அலமாரியில் இருந்த பச்சைக் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அண்ணி முறையில் என்னை பாபி என்று கூப்பிட்டு, இது இப்போதும் வேகமாகத்தான் ஓடுகிறதா என்று இந்தியில் கேட்டாள்.

நீ கண்டுபிடித்திருக்கிறாய். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றேகாலுக்கு மணி அடிக்கும். அதற்கு ஐந்து நிமிஷம் கழித்து என் அலாரம் அடிக்க வேண்டும். ஒருநாள் அலாரம் முந்திக்கொண்டது. ரயிலும் படகும் எத்தனை மணிக்கு எங்கே சேரும் என்று போடுகிறவளுக்கு அது பெரிய கணக்கா? கல்பனா என்னிடம் கேட்டுவிடலாம் என்று எழுந்தாளாம். நீ அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாயாம். நீ இந்தியில் சொன்னதை சுனிதா அப்படியே திருப்பிச் சொன்னாள். "சொன்னால் அக்கா எழுந்து போய்விடுவார். அவர் உட்கார்ந்திருக்கட்டும். நாம் கொஞ்சம் வேகமாகப் போடுவோம்."

சொல்லியிருந்தால் நான் எழுந்துதான் போயிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் கேள். நீ மன்னித்ததற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது. என்னைப் பற்றி நீ சொன்ன அந்த வார்த்தையை அந்த இரண்டு பேரும் இத்தனை வருஷம் வைத்திருந்தார்கள். அது என் காதில் விழுந்திருக்க வேண்டியது. ஒரு பொங்கல் வாழ்த்தில் ஐந்தாவது வரியாக எழுதியிருக்கக் கூடாதா?

சுனிதா போன பிறகுதான் அழுதேன்.

அவளுக்கு ஒன்று தெரியாது. நீ ரயில் ஏறிய மறுநாளே நான் கடிகாரத்தை எட்டு நிமிஷம் முன்னால் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் மாற்றவே இல்லை. என் வீட்டுக்காரர் தினமும் எட்டு நிமிஷம் முன்னதாகவே பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. மதியம் மூன்று இருபதுக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்ததும் கை வேலையைப் போட்டுவிட்டு, புல்வெளி தெரியும் ஜன்னலோரம் வந்து உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட மணி அடிக்கும். அதன் பிறகும் நிஜமான மூன்று இருபதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும். அதுவரைக்கும் நீ செட்டை முடிக்கவில்லை, ஜமுக்காளத்தில் குனிந்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாய். சுனிதா இல்லை, கல்பனா இல்லை. நான் மட்டும் மடியில் உன் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

இதோ, அலாரம் அடிக்கிறது. நீ எழுது. நான் எழுந்திருக்க மாட்டேன்.