காட்டு விலங்குகளைத் திருப்பி வைத்த மதினிக்கு

மதினி,

இன்று காலை கோயிலுக்குள் நுழைந்ததும் வெட்டிய கருவேல முள்ளின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. நாளை தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பீடத்துக்கு முன்னால் ஆண்டவர் நாற்பது நாள் நோன்பிருந்த பாலைவனத்தை அமைக்கும் முறை இந்த ஆண்டு மறுபடியும் நம் தெருக் குடும்பங்களின் அன்பியத்துக்கு வந்திருக்கிறது. பெண்கள் மணலைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். முள் இன்னும் காயவில்லை. கையில் குத்தும்போது பால் கசிந்தாற்போல ஒரு ஈரம். அந்த வாசனை உங்கள் சேலையில் எப்போதும் இருக்கும். மேற்கே தரிசுக்காட்டில் ஆட்டை மேய்த்துப் பட்டியில் அடைத்துவிட்டு நேராக என் அடுப்படிக்கு வந்து உட்காருவீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "ம், படி" என்பீர்கள்.

நீங்கள் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா. எனக்கு மதினி. வயதில் மூன்றே வருடம்தான் மூப்பு என்றாலும் நான் உங்களை "வாங்க, போங்க" என்பேன். நீங்கள் என்னை "ஏத்தா" என்பீர்கள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, வேதத்தை ஒரு தடவை முழுக்கப் படித்து முடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. படித்ததையெல்லாம் சத்தமாகப் படித்தேன், கேட்க நீங்கள் இருந்ததால்.

எனக்கு எதையும் குறித்து வைத்தால்தான் மனசு ஆறும் என்பது உங்களுக்குத் தெரியும். பால் ஊற்றுகிற நோட்டு, கேஸ் வந்த தேதி, மழை பெய்த நாள் எல்லாம் எழுதி வைப்பேன். அப்படித்தான் ஒரு நோட்டில் வேதத்தில் வருகிற காட்டு விலங்குகளையும் எழுத ஆரம்பித்தேன். இடது பக்கம் விலங்கின் பெயரும் அது வருகிற அதிகாரமும். வலது பக்கம் நீங்கள் சொன்னது.

நரி பாழடைந்த வீடுகளில் குடியிருக்கும் என்று இறைவாக்கினர் எழுதியதைப் படித்தபோது தலையை ஆட்டினீர்கள். "சரியாத்தான் எழுதியிருக்காரு. நம்ம பழைய கெணத்து மோட்டார் ரூம்புலதான் போன வருசம் குட்டி போட்டுச்சு."

தீக்கோழி மண்ணில் முட்டையிட்டுவிட்டு அதை மறந்துபோகும் என்று வந்ததும் முகத்தைச் சுளித்தீர்கள். "நம்ம ஆக்காட்டிக் குருவியும் வெறுந்தரையிலதான் வைக்கும். மறக்கவா செய்யுது? பக்கத்துல போயிப் பாரு, மண்டையில கொத்த வரும். எழுதுனவரு கொஞ்சம் எட்ட நின்னு பாத்திருப்பாரு."

"வேதத்துக்கே தப்புச் சொல்றீங்களா?" என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"வேதத்துக்கு யாருத்தா சொன்னா? தீக்கோழிக்குப் பரிஞ்சு பேசுறேன்."

அதையும் வலது பக்கத்தில் எழுதினேன். பங்குச்சாமியார் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் எழுதினேன்.

அந்த நோட்டை ஆரம்பித்ததற்கு அடுத்த தவக்காலத்தை நினைக்கிறேன். மார்கழியில் ஊன்றிய கடலை காய் பிடித்திருந்த நேரம். தரிசுக்காட்டை ஒட்டியிருந்த எங்கள் வயலில் காட்டுப்பன்றி உழுதுபோட்டது போலக் கிளறிவிட்டுப் போகும். விடிந்ததும் மயில்கள் வந்து மிச்சத்தைக் கொத்தும். அந்தக் கடலையை நம்பித்தான் மகளை நர்சிங் படிப்பில் சேர்ப்பதாக இருந்தோம். மேற்கு வயல்காரர்கள் கூடிப் பேசி, தரிசுக்காட்டு ஓரத்தில் எல்லோருமாக ஒரே நாளில் விஷம் கலந்த தானியம் வைப்பது என்று முடிவு செய்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் வாங்கிவந்து மாட்டுக் கொட்டகை விட்டத்தில் செருகி வைத்தார்.

"பாவமில்லையா?" என்றேன்.

"மக காலேஜுக்குப் போக வேணாமா? நீ உள்ள போ" என்றார்.

உள்ளே போனேன். எனக்கும் கடலை வேண்டியிருந்தது என்பதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உங்களிடம் அழுதேன், ஆனால் அவரிடம் பேசவில்லை. உங்கள் ஆடுகள் மேயும் காடு அது. அந்தத் தானியத்தில் ஒரு பிடி உங்கள் ஆட்டின் வாயில் விழுந்தாலும் போச்சு. அதைக்கூடச் சொல்லவில்லை நீங்கள்.

அந்தச் சனிக்கிழமைதான் நம் அன்பியத்தின் முறை. மணல், கல், முள், நடுவே மண்டியிட்ட ஆண்டவர் சுரூபம். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் விலங்குகளை எடுத்துக் கொடுத்தார். சிங்கம், புலி, கரடி, எப்படி வந்ததென்று தெரியாத ஒரு ஒட்டகச்சிவிங்கி. எல்லாவற்றையும் வாயைப் பிளந்துகொண்டு ஆண்டவர் மேல் பாய்வது போல வைக்கச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் வைப்பார்கள். சாத்தானின் படை என்று சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக.

அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்தீர்கள். சிங்கத்தின் முதுகு ஆண்டவர் பக்கம், முகம் வெளியே. புலியும் கரடியும் அப்படியே. ஒட்டகச்சிவிங்கியை மட்டும் எட்டிப் பார்க்கட்டும் என்று பின்னால் நிறுத்தினீர்கள். உபதேசியார் திரும்பி வந்து இடுப்பில் கைவைத்தார். "யாரு இதத் திருப்புனது?"

"நாந்தாங்க."

"எதுக்கு?"

"காவல் நாயி ஆட்டப் பாத்துக்கிட்டா படுத்துக் கெடக்கும்? வெளியப் பாத்துல்ல படுக்கும்."

"இதெல்லாம் காவல் நாயா? காட்டு மிருகம்மா."

"நாப்பது நாளு. பசியில சுருண்டு கெடக்குற மனுசன். ஒரு நரி வந்து மோந்து பாத்ததா எழுதியிருக்கா? ஏத்தா, எழுதியிருக்கா?" என்று என்னைப் பார்த்தீர்கள். "இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சாமியார்கிட்ட நீங்களே சொல்லிக்கங்க" என்று உபதேசியார் போய்விட்டார்.

மறுநாள் பிரசங்கத்தின் நடுவே பங்குச்சாமியார் பீடத்தைவிட்டு இறங்கி வந்து மணலருகே நின்றார். "இந்த வருசம் மிருகமெல்லாம் நம்மளப் பாத்து நிக்குது. ஏன்னு யாராவது சொல்வீங்களா?" என்றார். நீங்கள் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினீர்கள். பிடித்த பிடியில் தப்பிக்க வழியில்லை. "இவ எழுதி வச்சிருக்கா சாமி, இவ சொல்லுவா."

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சொன்னேன். பாலைவனத்தில் சாத்தான் ஆண்டவரைச் சோதித்ததைப் பற்றி எழுதிய மூன்று நற்செய்தியாளர்களில் ஒருவர்தான் விலங்குகளைக் குறிப்பிடுகிறார் என்றேன். ஆண்டவர் அவற்றோடு இருந்தார் என்று சொல்கிறாரே தவிர, அவை அவரைத் தாக்கின என்று சொல்லவில்லை. அதே மூச்சில் வானதூதர்கள் பணிவிடை செய்ததையும் சொல்கிறார் என்றேன். வெள்ளம் வடிந்தபின் கடவுள் நோவாவோடு மட்டும் உடன்படிக்கை செய்யவில்லை, பேழையைவிட்டு இறங்கிய விலங்குகளோடும் செய்தார் என்றேன். சிங்கக்குட்டி கர்ச்சிப்பது கடவுளிடம் சாப்பாடு கேட்பதுதான் என்று திருப்பாடலில் வருவதைச் சொன்னேன். கடைசியாக, ஏழாம் வருடம் நிலத்தைச் சும்மா போட வேண்டும், அதில் தானாக விளைவது ஏழைகளுக்கு, அவர்கள் தின்ற மிச்சம் காட்டு விலங்குகளுக்கு என்று சட்டமே இருக்கிறது என்றேன்.

"அதுங்கதான் மிச்சம் வரைக்கும் காத்திருக்க மாட்டேங்குதே" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். கோயில் சிரித்தது.

நீங்கள் உட்கார்ந்தபடியே திரும்பினீர்கள். "நீ மொதல்ல ஏழாவது வருசம் சும்மா போட்டியாப்பா?"

இன்னும் அதிகமாகச் சிரித்தது. சாமியாரும் சிரித்தார். மதினி, அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு வசனம்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

சொன்னதால் ஒன்றும் மாறவில்லை. பொட்டலம் விட்டத்திலேயே இருந்தது. டீக்கடையில் என் வீட்டுக்காரரை, "மயிலுக்கு ஜெபம் சொல்லிக் குடுத்தாச்சா?" என்று கேலி செய்தார்கள். அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வியாழக்கிழமை வைப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை விடியலில் உங்கள் பட்டிக்குள் நரி புகுந்தது. இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஈன்று பத்து நாள்கூட ஆகாதவை. ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. அவளுக்கு நன்றாக வேண்டும் என்று சிலர் சத்தமாகவே சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். பட்டியின் வேலியில் ஓட்டை இருந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்து முள் வைத்து அடைத்துக்கொண்டிருந்தீர்கள். தாய் ஆடு கத்திக்கொண்டே உங்களைச் சுற்றி வந்தது. உங்கள் கண் சிவந்திருந்தது.

"இந்தாக்கா" என்று அவர் பொட்டலத்தை நீட்டினார். "நீங்களே கொண்டு போயி வைங்க. ஒங்க கையால வைங்க."

நீங்கள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தீர்கள். வாங்கிவிடுவீர்கள் என்று நினைத்தேன். வாங்கியிருந்தால் நானும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"இந்த ஓட்டைய நான் நேத்தே பாத்தேன் தம்பி" என்றீர்கள். "காலையில கட்டிக்கலாம்னு விட்டேன். தப்பு எம்மேல. அது பசிக்குதுன்னு ஆண்டவருகிட்டக் கேட்டுச்சு. அவரு எங்கிட்ட இருந்து எடுத்துக் குடுத்துட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "அடுத்த தடவ வேற வீட்டப் பாக்கச் சொல்லணும். அதுக்கு வேலியத்தான் கட்டணும். ஒங் கையி சும்மாதான இருக்கு? இந்த முள்ளப் பிடி."

அவர் ஒரு கையில் பொட்டலமும் ஒரு கையில் முள்ளுமாக நின்றதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். பிறகு பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து வேலி கட்டினார். மதியம் சைக்கிளில் போய் அதை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் பழைய சேலைகளை வரப்பைச் சுற்றிக் கட்டினோம். விடியுமுன் தகரத்தைத் தட்ட நீங்களும் வந்தீர்கள். தரிசுக்காட்டு ஓரத்து நாலு சால் கடலை நமக்கில்லை என்று விட்டுவிட்டோம். ஊரில் எல்லோரும் மாறிவிடவில்லை. இரண்டு வயல்காரர்கள் வைக்கத்தான் செய்தார்கள். எங்கள் பக்கம் வைக்கவில்லை. உங்கள் ஆடுகள் எப்போதும் போல அங்கே மேய்ந்தன. மகளையும் சேர்த்தோம், ஒரு வருடம் தள்ளி. அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கையில் ஊசியும் மூக்கில் குழாயுமாக நீங்கள் படுத்திருந்தபோது யோபு புத்தகத்தைப் படிக்கச் சொன்னீர்கள். காட்டுக் கழுதையை அவிழ்த்துவிட்டது யார், அதன் கட்டைத் தளர்த்தியது யார் என்று கடவுள் கேட்கிற இடம். அது ஊர்ச் சந்தடியைப் பார்த்துச் சிரிக்கும், ஓட்டுகிறவனின் அதட்டலுக்குச் செவி கொடுக்காது, உவர்நிலமே அதன் வீடு என்று படித்தேன்.

"என்னயும் அவுத்து விடச் சொல்லுத்தா" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் படிப்பதை நிறுத்தினேன். "படி, படி. அடுத்து என்ன மிருகம்?" என்றீர்கள். அடுத்தது காட்டெருது. அது முடிவதற்குள் தூங்கிவிட்டீர்கள். நான்காம் நாள் ஆண்டவர் அவிழ்த்துவிட்டார்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம் இன்று மதியம் நடந்தது.

கோயிலிலிருந்து வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். தரிசுக்காட்டின் அந்தப் பக்கத்து வயல்காரர்கள். இந்த வருடம் பன்றி தாங்கவில்லை, எங்கிட்டும் விடாமல் எல்லோரும் சேர்ந்து வைத்தால்தான் தீரும், உங்கள் பங்கு என்ன என்று வாசலில் நின்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டைவிட்டு எழுந்து வெளியே போனார்.

"நாங்க வைக்கிறதில்லங்க" என்றார்.

"ஏங்க, ஒங்க காட்டுல மட்டும் பன்னி வரலயா?"

"வருது."

"பெறகு?"

அவர் கையைக் கழுவாமலே நின்றார். அவருக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே திரும்பி என்னைப் பார்த்தார். "ஏத்தா, வெளிய வா. இவங்க கேக்குறாங்க, நீ சொல்லு" என்றார். பிறகு அவர்களிடம், "எங்க வீட்டுல இதையெல்லாம் அவதான் சொல்லுவா. நாங்க கேட்டுக்குவோம்" என்றார்.

கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனேன். வந்தவர்கள் நம் கோயிலைச் சேர்ந்தவர்கள் இல்லை. வசனம் சொன்னால் அவர்களுக்கு அது வேறு யாருடைய புத்தகமோ. அதனால் பட்டி வேலியில் நீங்கள் பார்த்தும் கட்டாமல் விட்ட அந்த ஓட்டையில் ஆரம்பித்தேன். இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்த பெண்ணொருத்தி என்ன சொன்னாள் என்பதைச் சொன்னேன். உயிர் கொடுத்தவர்தான் அதற்குப் பசியையும் கொடுத்தார், அதைச் சாகடிக்கிற உரிமையை என் கையில் கொடுக்கவில்லை என்றேன். சேலை கட்டுவதையும் தகரம் தட்டுவதையும் சொன்னேன். ஓரத்தில் நாலு சால் விட்டால் வயிறு காய்ந்துவிடாது, நான் விட்டுப் பார்த்தவள் என்றேன். ஒருவர் பாதியிலேயே வண்டியில் ஏறிவிட்டார். மற்றவர் மட்டும், "தகரம் தட்டுனா நெசமாவே போகுதா?" என்று கேட்டார்.

"பாதி போகும்" என்றேன். "பாதிக்குத்தான் அந்த நாலு சால்."

அவர் வைப்பாரா, வைக்காமல் விடுவாரா, தெரியாது. போய்விட்டார்கள். இந்தத் தடவை என் முழங்கையை யாரும் பிடித்துத் தூக்கவில்லை மதினி.