பதினான்கு சமையலறைகளின் மூச்சை அடைத்த தார்ப்பாய்

அனுப்புநர்:
விஷ்ராம் தள்வி,
தார்ப்பாய், கயிறு வியாபாரம்,
அறை எண் 9, சாகர்சாயா குடியிருப்பு,
லால்பாக், மும்பை.

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி வார்டு அலுவலகம், மும்பை.

பொருள்: சமையலறைகளுக்குக் காற்று வரும் சந்தின் மேல் கட்டிய தார்ப்பாயை வெள்ளிக்கிழமைக்குள் இரு ஓரமும் திறந்துவிட வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் மூன்றடிச் சந்து. பதினான்கு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் அதில்தான் திறக்கின்றன. ஜூன் பிறந்தால் அதன் தலைமேல் தார்ப்பாய் கட்டுவதும் தசராவுக்குப் பிறகு அவிழ்ப்பதும் வழக்கம். இரு ஓரமும் ஒரு முழம் தூக்கிக் கட்டுவோம். சாரல் அடிக்கும், புகையும் போகும்.

2. இந்த ஆண்டு சாரலும் வேண்டாமென்று நாலு ஓரத்தையும் சுவரோடு சேர்த்துப் பட்டை வைத்து ஆணியடிக்கச் சொன்னவன் நான். சரக்கும் என் கடையுடையது. ஒரு சொட்டு இறங்கவில்லை என்று பெருமையாகத் திரிந்தேன். இதை நான் மறைத்தாலும் தாங்கள் விசாரித்தால் தெரிந்துவிடும்.

3. பதினான்கு அடுப்புகளின் ஆவியும் போக வழியில்லாமல் சுவர்களில் இறங்கியது. உப்பு தண்ணீராயிற்று. பொம்பில் மீன் கருவாட்டில் பூசணம் பூத்தது. என் மனைவி சுலபா, "ஏங்க, இது மழைத்தண்ணி இல்ல, சுவரு வேர்க்குது. அது மூச்சு விட வழி பண்ணுங்க" என்றாள். வெளியிலிருந்து கசிகிறது என்று சாதித்து, உட்சுவர் முழுக்க பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். அவளுக்கு வந்த இருமல் நிற்காததால், மூன்று வாரம் கழித்து உரித்தேன். பின்னால் சுவர் பூசணம் பிடித்து அடுப்புக்கரியாகக் கிடந்தது.

4. பதினொரு நாளாக அவள் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனோடு. பூசணம் நெஞ்சைக் கெடுத்துவிட்டது, காற்றோட்டம் இல்லாமல் அந்தச் சமையலறைக்கு அவள் திரும்பக் கூடாது என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். நகல் இணைத்துள்ளேன். கீழ்வீட்டுக் கைக்குழந்தைக்கும் இழுப்பு.

5. குடியிருப்புச் செயலாளர் பாலா பரப்பிடம் போனேன். "என்ன தள்வி சேட்டு, நீயே வித்து, நீயே கட்டி, இப்ப நீயே அவுக்கச் சொல்றியா? அடுத்த தார்ப்பாய்க்கு ஆர்டர் பிடிக்கிறியா?" என்றார். சுற்றி நின்ற கூட்டமே சிரித்தது. மேல்மாடிக்காரர்களுக்கு இந்த ஆண்டுதான் அடுப்பு நனையவில்லை. தசராவரை அவிழ்க்க விடமாட்டார்கள். மொட்டைமாடிக்குப் பூட்டும் போட்டாயிற்று. கைவைத்தால் பொதுச்சொத்தை அழித்ததாகப் போலீசில் சொல்வார்களாம்.

6. ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஆள் காத்திருக்கிறது. வெள்ளி காலை அவளைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீடு ஓர் அறையும் அந்தச் சமையலறையும்தான். நடுவில் கதவுகூடக் கிடையாது.

ஆகவே, வெள்ளிக்கு முன் ஓர் ஊழியரை அனுப்பிப் பூட்டைத் திறக்கச் செய்து, இரு ஓரமும் தூக்கிக் கட்ட உத்தரவிட வேண்டுகிறேன். ஏணி, ஆள், கயிறு என்னுடையவை. மேல்மாடிக்குச் சாரல் அடிக்காமல் தனி மறைப்புக் கட்டித்தருவதும் என் பொறுப்பு.

சுலபா தினமும் "அவுத்தாச்சா?" என்று கேட்கிறாள். இரண்டு நாளாக "ஆச்சு" என்று சொல்லி வருகிறேன். வெள்ளிக்குள் அது உண்மையாக வேண்டும், ஐயா.

இடம்: லால்பாக், மும்பை
நாள்: ஜூலை 22, செவ்வாய்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
விஷ்ராம் தள்வி