பெர்சி கேட்ட அறை

மேரியட்டா, ஓஹையோ
1949 மார்ச் 13, ஞாயிறு

அன்புள்ள மாரியன்,

தாத்தாவின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடம் மகளாக இருந்தும் தெரியவில்லை என்று எழுதுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆற்றில் வெள்ளம் ஏறி நம் தெருமுனையோடு இறங்கிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல். உனக்கு அந்தச் சளி விட்டதா, அலாஸ்காவில் இன்னும் பனி கொட்டுகிறதா, பள்ளிக்கூடத்து அடுப்பை நீயேதான் பற்றவைக்கிறாயா என்று எழுது. என் லத்தீன் வகுப்பில் இந்த வருடம் பெண்கள் குறைவு, எல்லோரும் தட்டச்சு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ கேட்ட நேரமோ என்னவோ, வியாழக்கிழமை தாத்தாவே வந்து நின்றார். கொலம்பஸில் அவர் இருந்த விடுதியை விற்றுவிட்டார்களாம். ஒரு சின்னக் கைப்பெட்டி, பெர்சிப் பொம்மை இருக்கும் கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். நான் கதவைத் திறந்தேன். வாசலிலேயே பெட்டியைத் திறந்து பெர்சியைக் கையில் மாட்டிக்கொண்டார். "என்ன டீச்சரம்மா, வந்தவங்களை உள்ள வான்னு கூப்பிடற வழக்கம் இந்த ஊர்ல இல்லையா? கிழவன் காலையிலேர்ந்து பட்டினி" என்று பெர்சி கேட்டது. உன் அப்பா உள்ளிருந்து ஓடிவந்து, "வாடா பெர்சி, உங்க பெரியவருக்குப் பசியா, அடுப்புல சுட்ட ஆப்பிள் பை பலகாரம் இருக்கு" என்று அதனிடமே பதில் சொல்லி இரண்டு பேரையும் உள்ளே அழைத்துப் போனார். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கும். ஊரில் எல்லோருக்குமே பிடிக்கும். அவர்கள் யாரும் அந்தப் பொம்மையோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் இல்லை.

உனக்கு இதை நான் முழுவதும் சொன்னதில்லை. தாத்தா இண்டியானாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவருடைய மகன். சந்தையில் ஒருவன் பொம்மையைப் பேசவைத்ததைப் பார்த்துவிட்டு, கொட்டகையில் பன்றிகள் முன்னால் நின்று உதடு அசையாமல் பேசிப் பழகினாராம். அப்புறம் வாடெவில் பல்சுவை மேடைகள், ஊர் ஊராக, பாட்டுக்காரர்களுக்கும் நாய் வித்தைக்காரர்களுக்கும் நடுவில் அவருக்குப் பத்து நிமிடம். என் அம்மா அந்த அரங்குகளில் ஒன்றில் பியானோ வாசித்தவர். முதலில் தாத்தாவிடம் இருந்தது ஒரு குடிகார மாலுமிப் பொம்மை, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஐந்தாறு வயதானபோது ஒரு தச்சரிடம் பெர்சியைச் செய்யச் சொன்னார். அந்தக் குரலை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது என்னுடையது. முன்பல் விழுந்த இடத்தில் காற்று சீறும் என் பேச்சு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிர்த்துக் கேட்கும் என் பழக்கம், எல்லாம். தங்கும் இடம் மாறினாலும் சாப்பாடு தீர்ந்தாலும் "எனக்கு யாருமே சொல்லலையே!" என்று நான் கத்துவேனாம். பெர்சி அதை மேடையில் சொன்னபோது பஃபலோவிலிருந்து ஓமஹா வரை அரங்கம் அதிர்ந்தது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அதே வரியை அறையில் நான் சொன்னால், சத்தம் போடாதே என்பார். உன் அப்பா இதை அன்பு என்கிறார், மகளின் பேச்சை ஒரு மனிதன் நாடு முழுக்கச் சுமந்தானே என்கிறார். எடுத்துக்கொண்டு போனதற்கு அன்பு என்று பெயர் வைக்க எனக்கு வரவில்லை.

அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொம்மை சொன்னதற்கு மனிதன் பொறுப்பில்லை. அரங்கு மேனேஜரின் தொப்பையைப் பற்றி, அவர் மனைவியின் தொப்பியைப் பற்றி பெர்சி என்ன வேண்டுமானாலும் பேசலாம், மறுநாள் அதை ஒருவரும் எடுத்துப் பேச மாட்டார்கள், பேசினால் அவர்களைத்தான் மற்றவர்கள் கேலி செய்வார்கள். மேடைக்கு அது சரி. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கொஞ்சல், சமாதானம், வாக்குறுதி எல்லாம் பெர்சி வாயால் வரும். அவருடைய வாயால் வருவது "இல்லை", "அப்புறம்", "கதவைச் சாத்து". மேடையில் பெர்சிக்குப் பக்கத்தில் பேசும் அந்தக் கனவான் குரலும் செய்துகொண்ட குரல்தான். இந்தச் சில சொற்களை வைத்து ஒருவர் குரல் இன்னதென்று எப்படிச் சொல்வேன்?

டொலீடோவில் என் அம்மா நிமோனியாவில் போனபோது எனக்குப் பதினொரு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாத்தா தொப்பியைக் கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தார். "பாப்பா, அம்மா இனிமே வர மாட்டாங்க" என்று பெர்சி சொன்னது. கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு யாருமே சொல்லலையே" என்றது. வேண்டுமென்று சொன்னாரா, பழக்கத்தில் அந்த வரி தானாக வந்து ஒட்டிக்கொண்டதா, அதுவும் எனக்குத் தெரியாது. என் அம்மா செத்துப்போன செய்தியை நான் என் குரலிலேயே கேட்டேன். அன்று மாலையும் ஆட்டம் இருந்தது, போனார், ஒரு ஆட்டம் தவறினால் அடுத்த ஊரில் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு என்னை இங்கே மேரியட்டாவில் கோரா பெரியம்மாவிடம் விட்டார். ரயிலடியில் பெர்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்கு ஓடி வந்துடுவோம் பாப்பா, எனக்கு வாத்து இறைச்சி எடுத்து வை" என்றது. எடுத்து வைத்தேன். இரண்டு வருடம் கழித்துத் தாத்தா வந்தபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அது பெர்சி சொன்னது. நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். என் கல்லூரிப் பட்டமளிப்புக்கும் பெர்சிதான் வருவதாகச் சொன்னது, நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை. பேசும் படம் வந்து மேடைகள் மூடியபின் செருப்புக் கடைத் திறப்பு விழா, பண்ணைச் சந்தை என்று அலைந்தார். அதெல்லாம் நீ பார்த்ததுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் உன் பங்கும் இருக்கிறது. இன்று மதியம் மாட்டிறைச்சி வறுவலுக்கு நடுவில் அவர் முட்கரண்டியை வைத்துவிட்டுப் பெர்சியை மடியில் ஏற்றினார். அதற்கும் வயதாகிவிட்டது, ஒரு கண் மூடினால் திறப்பதில்லை. அவருக்கு உதடு அசைகிறது மாரியன். இப்போது பெரிய மீசை வளர்த்திருக்கிறார், அதை மறைக்கத்தான். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டார். "டீச்சரம்மா, மாடியில மாரியன் ரூம் சும்மாதானே கிடக்கு? ஜன்னல்ல வெயில் வருமாமே" என்றது பெர்சி. நான் கத்தியைக் கீழே வைத்தேன். வேண்டுமென்பவர் சொந்த வாயால் கேட்கட்டும், கேட்டால் அறை அவருடையது, பொம்மைக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை என்றேன். பெர்சியின் வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. தாத்தா என்னைப் பார்த்தார், பிறகு அதைப் பெட்டியில் வைத்து, முகத்தில் துணி போர்த்தி, எப்போதும்போல் மெதுவாக மூடினார். உன் அப்பா பாத்திரம் கழுவும்போது, "ஏம்மா வின்னி, எழுபத்தெட்டு வயசு மனுஷன், விட்டுடேன்" என்றார். நான் கேட்பது ஒரு வாக்கியம். ஒரு மனிதன் தன் மகளிடம் ஒரு வாக்கியம் பேச முடியாதா என்று நானும் கேட்டேன். அவர் கேட்டால் உன் அறை போகும், உன் புத்தகங்களை நடைக்கு மாற்றுவேன், கோபித்துக்கொள்ளாதே. கேட்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், ஈரமான காலுறையோடு உட்காராதே. கோரா பெரியம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு அட்டையாவது போடு, சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கடவுள் விஷயத்தில் என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும், ஆனாலும் யாராவது மேலே இருந்தால் அவர் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். நீ நன்றாக இரு.

உன் அம்மா,
வினிஃப்ரெட்

திங்கள் மாலை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது தாத்தா சமையலறைக்கு வந்தார். கையில் பெர்சி இல்லை. மீசையை மழித்திருந்தார், தாடையில் சின்னக் கீறல். "வின்னி, பெர்சிக்கு இங்க ஒரு இடம் குடுப்பியா?" என்றார். பெர்சிக்கா என்று கேட்டேன். "அவன்தானே நேத்து கேட்டான். கவுன்டி முதியோர் இல்லத்துல பெட்டியெல்லாம் வைக்க விட மாட்டாங்களாம். எனக்கு அங்க கட்டில் சொல்லியாச்சு, போன மாசமே." வாழ்நாள் முழுக்கப் பெர்சி பேசியதை எல்லாம் அவர் பேச்சு என்றே எடுத்துப் பழகியவள் நான், இந்த ஒரு தடவை அது தனக்காகக் கேட்டிருக்கிறது. "எனக்கு யாருமே சொல்லலையே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சட்டென்று என் உதட்டைப் பார்த்தார், அசைகிறதா என்று தொழில்காரர் பார்ப்பதுபோல. நானும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்றேன். நீங்களும் இருங்கள் என்று நான் சொல்லவில்லை, அவர் தனக்காகக் கேட்கவும் இல்லை. அப்பா அவரைக் காரில் அந்த இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு மதியம் திரும்பினார். கறுப்புப் பெட்டி உன் அறையில் ஜன்னல் பக்கம் இருக்கிறது, நான் திறக்கவில்லை. நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் உண்டு. கொஞ்சம் கரகரப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு தயக்கம், இண்டியானா பண்ணைக்காரர்களின் இழுவை. நம் தபால்காரர் பேசுவதுபோல இருந்தது.