குங்குமம் வைத்த சிடி

இன்று காலை கடையைத் திறந்து கணினியைப் போட்டதும் ஓர் அறிவிப்பு வந்தது. கணினியை இயக்கும் புதிய ஓ.எஸ். தயாராம், முற்றிலும் இலவசமாம், ஏற்றிக்கொள்ளலாமாம். சிரித்துவிட்டேன். ஓசியாம்டா! நீ இருந்திருந்தால் நம்பியிருக்கவே மாட்டாய். "சும்மா குடுக்கிறானா? வேற எங்கியாவது கை வெப்பான்பா" என்றிருப்பாய்.

நாம் இருவரும் பிள்ளையார்பாளையத்தில் புடவை டிசைன் போடும் கடை ஆரம்பித்த காலத்தில், புது ஓ.எஸ்.ஸுக்கு மாற ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலை ஆகும். அதனால் தெரிந்தவர்கள் யாரும் வாங்கவில்லை. சென்னையிலிருந்து வரும் திருட்டு சிடி டீச் செலவோடு முடிந்துவிடும். நமக்கும் அதுவே போதும் என்றுதான் நான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் தாயாருக்குச் சாத்தும் புடவைக்கு பார்டர் வரையக் கேட்டு வந்தார்கள். அதற்கு வேண்டிய சாஃப்ட்வேர் நம் பழைய ஓ.எஸ்.ஸில் ஓடவில்லை.

"தாயார் பொடவைய திருட்டு சிடி போட்டு வரையுவியா? வெளங்குமாடா அது?" என்று கத்தினாய். அந்த மாதம் சம்பாதித்ததெல்லாம் அசல் ஓ.எஸ். சிடி இருக்கும் ஒரு தட்டையான டப்பாவுக்குப் போயிற்று.

டப்பா வந்த நாள் ஆயுத பூஜை. நான் பூ வாங்கப் போயிருந்தேன். தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை குத்தும் மெஷின், ஸ்கேல், கத்திரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, நீ சிடிக்கும் வைத்துவிட்டாய். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துப் போட்டால் டிரைவ் கரகரவென்று இரைகிறது, ஒன்றும் வரவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். மின்னுகிற பக்கத்தில் காய்ந்துபோன மூன்று பொட்டு!

"ஏண்டா, எழுத்து இருக்கிற பக்கம் வெக்கிறதுக்கு இன்னா?"

"மின்னுறதுதான் அதுக்கு மொகம்னு நெனச்சிக்கினேன்பா."

அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு முந்திக்கொண்டது. ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூச்சைக்கூட விடாமல் துடைத்தாய். டிரைவ் முக்கி முனகி ஒருவழியாகப் படித்தது. நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய். அந்த வாரமே அன்னப்பட்சி பார்டரை வரைந்து முடித்தாய். தாயாருக்குப் புடவை சாத்திய அன்று, சன்னதிக் கூட்டத்தில் என் தோளை அமுக்கி, "நம்மளுதுடா" என்றாய்.

அப்புறம் விலை இறங்கிக்கொண்டே வந்தது. சிடி போய் எல்லாம் நெட்டில் வந்தது. கடைசியில் காசு கேட்பதையே விட்டுவிட்டார்கள். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் காலி நாற்காலியைப் பார்த்தால் இன்னும் உன்மேல் கோபம்தான் வருகிறது.

இன்றைய அறிவிப்பில் இலவசம் என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. புதியதற்கு மாறினால் நம் பழைய டிசைன் சாஃப்ட்வேர் ஓடாதாம். உன் அன்னப்பட்சி அதில் மட்டும்தான் திறக்கும். நீ சொல்லியிருப்பாயே, அது சரிதான்டா. கை வைக்கத்தான் பார்த்தான்.

வேண்டாம் என்று அழுத்தினேன். பிறகு சந்தனம் குழைத்து, கணினிக்கு ஒரு பொட்டு வைத்தேன். மின்னுகிற பக்கத்தில்தான்.