போடியார் குறித்த மாதம்

என் வீட்டு அதிகாரிக்கு,

வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் நீயும் மகளும் சுகமென்று அறிந்தேன். திருகோணமலையில் குண்டு விழுந்ததிலிருந்து நம் தெருவில் நானும் நாய்களும்தான். நாய்களுக்குத் தைரியம் சற்று அதிகம்.

காலையில் தேத்தண்ணிக் கடையில் வழமைபோல் உலகத்தை ஆண்டு வருகிறோம். நேற்று நம் சம்பந்தியாகப் போகிற பெரிய வயற்காரர் வேலாப்போடியார் ஒரே மிடறில் பர்மாவை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னகா மச்சான், மகளுக்கு வீடு கட்டுறீங்களாம்? குண்டு போடுறவனுக்கு அடையாளமா? சண்டை முடியட்டும், கலியாணத்தை வைப்பம்."

"நல்லது மச்சான். சண்டை எப்ப முடியும்? சொல்லுங்க, அண்டைக்கே வைப்பம்."

ஹிட்லரின் மனதையே படிப்பவர் பேப்பரைப் புரட்டினார். கடையே காத்திருந்தது.

"ஒரு மாசமாவது சொல்லுங்க" என்றேன். நான் விடுவேனா?

கடைக்காரர் சரீப் சிரித்துவிட்டார். "போடியாருக்கே தெரியாட்டி சேர்ச்சிலுக்கு எங்க தெரியப் போகுது?"

"சரிகா, வைகாசி!" என்று போடியார் எழுந்து போனார்.

வீடு கொடுக்காமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையே. வேலையாட்களும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே இன்று நானே கூரையேறித் தென்னங்கிடுகு வேய்கிறேன். கீழிருந்து பார்த்தால் என் தலைவகிடு போலக் கோணல்தான்.

பயமில்லையா என்று கேட்டிருந்தாய். விமானச் சத்தம் கேட்டால் முகட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன். சத்தம் போனதும் அடுத்த கிடுகைக் கட்டுகிறேன். மகளிடம் முதலாவதைச் சொல்லாதே; வைகாசி என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
கூரையிலிருந்து இறங்க மறுக்கும்
உன் மனிசன்