வேலூருக்குப் போன பூ

2018 பெப்ரவரி 6, செவ்வாய்

துணிக்கடையில் வியாபாரம் மந்தம். நிதி நிறுவனத்தில் மேலாளராக இருக்கும் மயில்வாகனம் ஐயா சாரம் வாங்க வந்தவர், நல்ல சேதியும் கொண்டுவந்தார். "செல்லச்சாமி, வாற திங்கள் உங்கட மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. காசாளர் இடம் ஒண்டு காலியாக் கிடக்கு. நான் கதைச்சுப்போட்டன்."

மின்விசிறிக்குக் கீழே கதிரை, மாதம் பிறந்தால் சம்பளம். யசோதாவுக்கு வேறென்ன வேண்டும்?

பெப்ரவரி 7

சொன்னேன். சோறு பிசைந்த யசோதாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழம வேலூர்க்காரங்கள மாளிகாவைக்கும் அரண்மனைக்கும் கூட்டிட்டுப் போறேன்ப்பா. அன்னைக்கு ராத்திரியே அவங்க ஊருக்குப் பறக்குறாங்க. ஒரே ஒரு தடவ வந்து பாருங்க. அப்புறமும் வேணாம்னா விட்டுர்றேன்."

சுற்றுலா வழிகாட்டி என்று குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரார் முன்னால் நடப்பதெல்லாம் ஒரு வேலையா? அதில் பார்க்க என்ன இருக்கிறது? போகமாட்டேன்.

பெப்ரவரி 10

போகமாட்டேன் என்றால் போகமாட்டேன்தான். பிறகு எதற்கு மனைவி பாலாம்பிகை என் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுகிறாள்?

பெப்ரவரி 11, ஞாயிறு

போனேன். மகள் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாள், கொடுக்கத்தான் போனேன். (குடையை ஒளித்துவைத்தது என் மனைவியாக இருக்கும். கேட்கவில்லை.)

அம்பிட்டிய பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியபோது, புத்தரின் பல்லை வைத்திருக்கும் மாளிகாவை வாசலில் ஒரு வேன் நிறைய வந்த வேலூர்ச் சனம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. "எங்க அப்பா" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, குடையை வாங்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நானும் கூட்டத்தோடு பின்னால் நடந்தேன். வேறென்ன செய்வது?

மேல் மாடியில், பூப்படைக்கும் மேசை முன்னால்தான் அது நடந்தது. புஷ்பம் என்று ஒரு அம்மா. கும்பிட்டார். படைத்திருந்த நீல அல்லியில் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். கொண்டையில் செருகிக்கொண்டார்! நம் கோயிலில் பிரசாதப் பூ வாங்கிப் பழகிய கை. இங்கே படைத்ததைத் தொடவே மாட்டார்கள். பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா "அனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். வரிசையே திரும்பிப் பார்த்தது. போச்சு, மானம் போச்சு, புள்ள என்ன செய்யப் போகுது —

யசோதா பதறவே இல்லை. சிங்கள அம்மாவிடம் தாழ்ந்த குரலில், அவர்கள் மொழியிலேயே, "எங்கள் வழக்கத்தில் சாமிக்கு வைத்த பூ எங்களுக்கே ஆசீர்வாதமாகத் திரும்பி வரும், அந்த நினைப்பில் எடுத்துவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள். அந்த அம்மாவின் முகம் இளகியது. தன் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துப் புஷ்பம் கையில் கொடுத்து, படைக்கச் சொன்னார்.

புஷ்பம் கொண்டைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "தலையில வச்சத திரும்ப வைக்கவும் முடியாதே. இத என்னம்மா பண்றது?"

என் மகள் அரண்மனை முற்றத்துக்கு வந்து பதில் சொன்னாள். "இங்க இருந்த கடைசி ராஜாவ வெள்ளக்காரன் பிடிச்சு உங்க வேலூருக்குத்தான் கொண்டுபோனான். அங்கேயே செத்தாரு. பாலாத்தங்கரையில அவரு சமாதி இருக்கு. இந்தப் பூவ அங்க வச்சிருங்க. வீட்டுல இருந்து வந்ததுன்னு சொல்லுங்க."

ஒரு பெரியவர், "பொறந்ததுல இருந்து வேலூர்லதான் இருக்கேன், ஒரு நாளும் போனதில்ல" என்றார். சிங்கள அம்மாவும் பின்னாலேயே வந்திருந்தார். யசோதா அவருக்கும் அதைச் சொன்னாள். "சாது, சாது" என்று கைகூப்பினார்.

நானும் இந்த ஊரில்தான் பிறந்தேன். எனக்கு யார் சொன்னார்கள் இதையெல்லாம்? பக்கத்தில் நின்றவரிடம், "என் மகள்ங்க" என்றேன். "அதான் வாசல்லயே சொன்னாங்களே" என்றார். இருக்கட்டும், நான் இன்னும் சொல்லவில்லையே.

பெப்ரவரி 12

மயில்வாகனம் ஐயா போன் எடுத்தார். "என்ன, மகளைக் காணேல்ல?"

"அவளுக்கு வேலை இருக்குங்க" என்றேன்.

பெப்ரவரி 20

புஷ்பம் அம்மா யசோதாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறார். கல்லறை மேல் அந்தப் பூ. வாடி, நீலமெல்லாம் போய்விட்டது. என் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

சட்டைத்துணி எடுக்க வந்தவர், "இது எங்க?" என்று எட்டிப் பார்த்தார். சொல்லத் தொடங்கினேன். இன்னும் இரண்டு பேர் வந்து நின்று கேட்டார்கள். பாலாம்பிகை கல்லாவில் இருந்தபடி வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகுதான் பார்த்தேன், துணி அளக்கும் கோலைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.