நான்சியின் கவுனைப் பற்றி நீ பிளாக்கில் எழுதியது

மந்தாரக்குப்பம்
அக்டோபர் 2013

அன்பு மகன் ஜெப்ரினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி எழுதுவதெல்லாம் கோபம்தான். அன்று போனில் சொன்னதும் நான்சியைப் பற்றி எழுதியதை நீக்கிவிட்டாய், சரி, ஆனால் நல்லதுக்குத்தானே எழுதினேன் என்று சொல்லி வைத்துவிட்டாயே, அது எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் பேசி நீ என் வாயை அடைக்க முடியாதபடி பேனாவை எடுத்திருக்கிறேன், முழுதும் படி.

என் தையல் கடைக்கு இன்டர்நெட்டில் பிளாக் ஆரம்பிக்கிறேன் என்று போன வருஷம் நீ சொன்னபோது, வீடுகளுக்கு பிளாக் நம்பர் போட்ட டவுன்ஷிப்பில் இது எத்தனையாவது பிளாக்குடா என்று அப்பா கேட்டார், எல்லோரும் சிரித்தோம். கடையைப் பற்றி எழுதி வைத்தால் கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் கல்யாண கவுன் தைக்க வருவார்கள் என்றாய். கொஞ்ச நாள் வாரம் தவறாமல் எழுதினாய், பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. கடை போன் நம்பர் மாறியதைக்கூடப் போடவில்லை, பண்ருட்டிப் பெண் ஒருத்தி பழைய நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் திடீரென்று ஞாபகம் வந்து ஒன்று எழுதினாயே, அதற்குச் சும்மாவே இருந்திருக்கலாம்.

சைமன்ராஜ் அண்ணன் மகள் நான்சியைப் பற்றி நான் போனில் சொன்னது என் பிள்ளையிடம் சொன்னது. முதலில் பேசிய கல்யாணம் நின்றுபோய்விட்டது, அதற்குத் தைத்த கவுனிலேயே கைப்பகுதியை மாற்றி லேஸ் வைத்து, இப்போது குறிஞ்சிப்பாடி மாப்பிள்ளையோடு நடக்கிற கல்யாணத்துக்குத் தயார் செய்கிறேன் என்றேன். நீ அவள் பெயரையும் போட்டோவையும் போட்டு, நின்ற கல்யாணத்தின் கவுனுக்கு மறுவாழ்வு என்று தலைப்பும் வைத்துவிட்டாய். என் கைவேலையைப் புகழ்ந்தாயாம், அந்தப் புகழ் யாருக்கு வேண்டும்?

மாப்பிள்ளையிடம் நான்சியே முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், அவர் அம்மாவுக்குத்தான் தெரியாது. சொந்தக்காரர் யாரோ செல்போனில் காட்டிவிட, கல்யாணமே வேண்டாம் என்று அந்தம்மா நின்றுவிட்டார். சைமன்ராஜ் அண்ணன் ஷிப்ட் முடிந்து மைன்ஸ் யூனிபார்மோடு நேராகக் கடைக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கவுன் தைக்கத்தானே குடுத்தோம் புஷ்பம், எங்க வூட்டு சங்கதிய ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கவா குடுத்தோம் என்று மெதுவாகக் கேட்டார். அளவு கொடுக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மறுநாள் அப்பாவும் நானும் குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினோம். அந்தம்மா உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே, தப்பு என் மகன் மேல், அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை, உங்கள் மகனையே கேளுங்கள் என்றேன். மாப்பிள்ளை வெளியே வந்து அவர் அம்மாவிடம், எனக்கு எல்லாம் தெரியும்மா, நாந்தான் உன்கிட்ட சொல்லாம வுட்டுட்டேன், கட்டுனா அவளத்தான் கட்டுவேன் என்றார். அதற்கப்புறம்தான் அந்தம்மா, உள்ள வாங்க என்றார்.

கல்யாணம் நிற்கவில்லை. நான்சியிடம் போய், வேறு கவுன் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். இதத்தான் போடுவேன் ஆன்ட்டி, எங்கம்மா சாவறதுக்கு முன்ன அவங்க கையால எடுத்த துணி, யார் என்ன பேசினாலும் பேசட்டும் என்றாள். அது அவளுடைய தைரியம், அதைக் காட்டி நீ தப்பித்துக்கொள்ளாதே.

பிளாக்கை மூடு என்று சொல்ல மாட்டேன். எத்தனை வாரம் முன்பு அளவு கொடுக்க வேண்டும், வெள்ளை சாட்டின் மஞ்சளாகாமல் எப்படி மடித்து வைப்பது, எந்த லேஸ் உடம்பை அரிக்கும், இதையெல்லாம் எழுது. எழுத விஷயமா இல்லை? மாதம் ஒன்றாவது எழுது, எனக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போடு. அவர்களைக் கேட்காமல் யார் முகமும் யார் பெயரும் அதில் வரக்கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், கோபம் இருந்தாலும் ஜெபத்தில் உன்னை விடவில்லை. ஒன்று மறக்காதே, ஞாயிறு பூசை முடிந்தால் சைமன்ராஜ் அண்ணன் வீட்டில்தான் இருப்பார். போன் செய்து மன்னிப்புக் கேள். அவர் எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் கூப்பிடு. என்னோடு பேசுவது அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியபுஷ்பம்